இடப்பெயர்வு, மக்கள்தொகை, வயது

கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. புவியியல் பாடங்களில் மக்கள்தொகை வளர்ச்சி ஓர் அத்தியாயமாகவும் இடப்பெயர்வு மற்றோர் அத்தியாயமாகவும் தனித்தனியே இருக்க, உண்மையில் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது முதலாவது. பிறப்புகள் குறைந்து முதுமையடைந்துவரும் நாடுகளை வெளியிலிருந்து வரும் குடியேற்றம் மீட்டுவிடுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பொதுவான விடையை வயதில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து. ஓர் இடத்தை விட்டு எத்தனை பேர் போகிறார்கள் என்பது முக்கியம்தான். ஆனால் போகிறவர்கள் எந்த வயதினர் என்பதுதான், அந்த இடத்தில் அடுத்த ஒரு தலைமுறைக் காலத்தில் எத்தனை குழந்தைகள் பிறக்கும், உழைக்கும் வயதினர் ஒவ்வொருவரையும் எத்தனை முதியவர்கள் சார்ந்திருப்பார்கள் என்பவற்றைத் தீர்மானிக்கிறது.

அடிப்படைக் கணக்கு எளிது. பிறப்புகளிலிருந்து இறப்புகளைக் கழித்தால் இயற்கை அதிகரிப்பு கிடைக்கும். உள்வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்தால் நிகர இடப்பெயர்வு கிடைக்கும். இரண்டின் கூட்டுத்தொகையே ஒரு நிலப்பரப்பின் மக்கள்தொகை மாற்றம். இதில் எதற்கு எடை அதிகம் என்பது நாம் எடுத்துக்கொள்ளும் நிலப்பரப்பின் அளவைப் பொறுத்தது. உலகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டால் இடப்பெயர்வுக்கு அங்கே இடமே இல்லை. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர் என்று பரப்பு சுருங்கச் சுருங்க, பிறப்பு இறப்புகளைவிட வருகையும் புறப்பாடுமே கணக்கை நிர்ணயிக்கத் தொடங்குகின்றன. சில வேளைகளில் நாட்டளவிலேயே இது நிகழ்வதுண்டு. ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்புகளைவிட இறப்புகளே அதிகம். பிறப்பு இறப்பு மட்டும் தீர்மானித்திருந்தால் அந்நாட்டின் மக்கள்தொகை அரை நூற்றாண்டாகத் தேய்ந்திருக்க வேண்டும். அன்று கிழக்கும் மேற்கும் சேர்த்து 8 கோடியை எட்டாமல் இருந்த எண்ணிக்கை இன்று 8.3 கோடியை ஒட்டி நிற்கிறதென்றால், அதற்குக் குடியேற்றம் ஒன்றே காரணம்.

இயற்கை அதிகரிப்பைப் பற்றிப் பலரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். உலக மக்கள்தொகை 100 கோடியை எட்டியது ஏறத்தாழ 1804-இல். 200 கோடியானது 1927-இல். அதன்பின் வேகம் கூடி, 1960-இல் 300 கோடி, 1974-இல் 400 கோடி, 1987-இல் 500 கோடி என்று ஏறி, 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. இறப்பு விகிதம் முதலில் விழ, பிறப்பு விகிதம் சில பத்தாண்டுகள் கழித்தே அதைப் பின்தொடர, இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை பெருகியது என்பதே மக்கள்தொகை நிலைமாற்றக் கோட்பாட்டின் சாரம். 1929-இல் வாரன் தாம்சன் கோடிட்டுக் காட்டிய இக்கருத்துக்கு 1945-இல் பிராங்க் நோட்ஸ்டீன் முழு வடிவம் தந்தார். ஆண்டு வளர்ச்சி விகிதம் 1960-களில் 2 சதவீதத்தைத் தாண்டி உச்சமடைந்து, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் 2024-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் கண்டு, பின் மெல்லக் குறையத் தொடங்கும்.

இங்கேயே வயதின் செல்வாக்கு தெரிந்துவிடுகிறது. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, அதாவது கருவள விகிதம், 2.1-க்கு வந்துவிட்டால் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைச் சரியாக ஈடுசெய்கிறது என்பர். ஆனால் அந்த எண்ணை அடைந்த அன்றே மக்கள்தொகை நின்றுவிடுவதில்லை. முந்தைய உயர் பிறப்புக் காலத்தில் பிறந்த பெருங்கூட்டம் அப்போதுதான் பிள்ளை பெறும் வயதில் இருக்கும்; ஆளுக்கு இரண்டு குழந்தைகள் மட்டுமே பெற்றாலும், பெறுவோர் மிகுதி என்பதால் மொத்தப் பிறப்புகளும் மிகுதியாகவே இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவின் கருவள விகிதம் 2.0 என்று வந்த பிறகும் அந்நாட்டின் மக்கள்தொகை இன்னும் பல பத்தாண்டுகள் வளரும் என்று கணிக்கப்படுவதற்கு இந்த உள்வேகமே காரணம். அதே விதி எதிர்த்திசையிலும் செயல்படும். நெடுங்காலம் குறைந்த பிறப்பு விகிதத்தில் வாழ்ந்த நாடு ஒன்றில் நாளையே ஒவ்வொரு பெண்ணும் இரண்டு குழந்தைகள் பெறத் தொடங்கினாலும், தாயாகும் வயதுப் பெண்களே குறைவு என்பதால் சரிவு சில காலம் தொடரத்தான் செய்யும். சீனாவின் மக்கள்தொகை 2022-இல், 1961-க்குப் பின் முதன்முறையாகக் குறைந்ததும் அதன்பின் தொடர்ந்து குறைந்துவருவதும் இவ்வகைதான். ஒற்றைக் குழந்தைக் கொள்கையை 2015-இன் இறுதியில் கைவிட்டது அந்தப் போக்கைத் திருப்பிவிடவில்லை.

இனி இடப்பெயர்வுக்கு வருவோம். ஆண்ட்ரே ரோஜர்ஸ், லூயிஸ் காஸ்ட்ரோ ஆகிய இருவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளின் தரவுகளை வயதுவாரியாக வரைந்து பார்த்தது. வளைகோடுகள் வியக்கத்தக்க அளவில் ஒரே சாயலில் இருந்தன. கைக்குழந்தைப் பருவத்தில் இடம் பெயர்வோர் விகிதம் ஓரளவு உயர்ந்திருக்கும். பள்ளிப் பருவத்தில் தாழும். பதினெட்டு, இருபது வயதில் செங்குத்தாக எழுந்து இருபதுகளில் உச்சமடையும். பிறகு நடுவயது முழுக்கச் சரிந்துகொண்டே போகும். சில இடங்களில் ஓய்வு பெறும் வயதில் மட்டும் ஒரு சிறு மேடு தென்படும். குழந்தைகள் தாமாகப் பெயர்வதில்லை, இளம் பெற்றோருடன் போகிறார்கள் என்பதால் முதல் உயரமும் இருபதுகளின் உச்சத்தின் நிழலே. படிப்பு, முதல் வேலை, திருமணம் மூன்றும் ஒரே பத்தாண்டுக்குள் வந்து குவிவதால், இடம் மாறுவதால் கிடைக்கும் பலன் அந்த வயதில் மிக அதிகமாகவும் விட்டுவிட்டுப் போக வேண்டியவை மிகக் குறைவாகவும் இருக்கின்றன. அதே பத்தாண்டுதான் குழந்தை பெறும் வயதின் தொடக்கமும் என்பதில் இக்கேள்வியின் முழு முடிச்சும் இருக்கிறது. வெளியேறும் இளைஞர் ஒருவர் தம்மை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. தமக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைகளையும் வேறோர் இடத்தின் பிறப்புப் பதிவேட்டுக்கு மாற்றிவிடுகிறார்.

இதன் விளைவுகளை மக்கள்தொகைப் பிரமிடு என்று சொல்லப்படும் வயது–பாலின வரைபடத்தில் கண்ணாலேயே காணலாம். கத்தாரின் வரைபடத்தில் இருபத்தைந்து முதல் நாற்பத்தைந்து வரையுள்ள ஆண்கள் பகுதி மட்டும் ஒரு பக்கமாக வீங்கிப் புடைத்திருக்கும். அந்நாட்டில் வசிப்போரில் நான்கில் மூன்று பங்கினருக்கு நெருக்கமாக ஆண்கள். அங்கே ஆயிரம் பேருக்கு ஆண்டுதோறும் நிகழும் இறப்பு ஏறத்தாழ ஒன்றிரண்டு மட்டுமே. ஜப்பானில் அது பன்னிரண்டைத் தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர் ஜப்பானின் மருத்துவ வசதி மோசம் என்று முடிவு கட்டிவிடலாம். உண்மையில் சராசரி ஆயுளில் ஜப்பான் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. வேறுபாடு முழுக்க வயதமைப்பில் இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். குடியுரிமை பெற வழியில்லாததால் முதுமைக்கு முன்பே பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய முதுமையும் இறப்பும் அவர்கள் புறப்பட்டு வந்த நாடுகளின் கணக்கில் சேர்கின்றன. ஒப்பிடும்போது மொத்த இறப்பு விகிதத்தை நம்பாதீர்கள் என்று மாணவர்களுக்கு எச்சரிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் பல்கேரியா இருக்கிறது. 1980-களின் இறுதியில் சுமார் 90 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 65 லட்சமாகச் சுருங்கியிருந்தது. பிறப்பு குறைந்தது, ஆட்கள் வெளியேறினர் என்று இரண்டு காரணங்களைத் தனித்தனியே எழுதுவது வழக்கம். அவற்றைப் பிரிக்க முடியாது என்பதே என் வாதம். வெளியேறியவர்கள் பெரும்பாலும் இளம் வயதினர் என்பதால், எஞ்சியவர்களின் சராசரி வயது கூடியது. சராசரி வயது கூடியதால் இறப்பு விகிதம் உயர்ந்தது. தாயாகும் வயதுப் பெண்கள் குறைந்ததால் பிறப்புகள் மேலும் வீழ்ந்தன. புள்ளிவிவர அட்டவணையில் இயற்கைக் குறைவு என்று பதிவாவதில் ஒரு பகுதி, முந்தைய ஆண்டுகளின் இடப்பெயர்வு வேறு பெயரில் திரும்பி வந்ததே. 1990-இன் இணைப்புக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியிலும் இதுவே நடந்தது. அங்கிருந்து மேற்கே சென்றவர்களில் இளம் பெண்கள் மிகுந்திருந்ததால், சில கிராமப்புற மாவட்டங்களில் இருபது முப்பது வயதினரிடையே ஆண்கள் எண்ணிக்கை பெண்களைவிடக் கணிசமாகக் கூடிப்போனது.

இவ்விரண்டும் அண்மைக்கால எடுத்துக்காட்டுகள். இடப்பெயர்வு ஒரு நாட்டின் மக்கள்தொகை வரலாற்றையே எவ்வளவு தூரம் எழுத முடியும் என்று பார்க்க அயர்லாந்துக்குப் போக வேண்டும். 1841 கணக்கெடுப்பில் அத்தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்ச ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தனர். அதற்கும் சற்று அதிகமானோர் கப்பலேறினர். 1851-இல் 65 லட்சத்து சொச்சம் பேரே இருந்தனர். இதுவரை கதை பலருக்கும் தெரியும். அதிகம் கவனிக்கப்படாதது அதற்குப் பின் நடந்தது. பஞ்சம் முடிந்தது, பிறப்புகள் இறப்புகளை விஞ்சின, ஆனாலும் மக்கள்தொகை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சரிந்துகொண்டே போனது. பஞ்சத்தின்போது அமெரிக்காவுக்குப் போனவர்கள் அங்கிருந்து பயணச்சீட்டும் பணமும் அனுப்பித் தம்பி தங்கையரை அழைத்துக்கொண்டனர். நிலம் பிள்ளைகளிடையே பிரிக்கப்படாமல் ஒருவருக்கே போனதால், மற்றப் பிள்ளைகளுக்குப் புறப்பாடு என்பது வாழ்க்கையின் எதிர்பார்க்கப்பட்ட கட்டமாகவே ஆகிவிட்டது. பிற ஐரோப்பிய நாடுகளைப் போலன்றி, அயர்லாந்திலிருந்து மணமாகாத இளம்பெண்களும் ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில் வெளியேறினர். தங்கியவர்களோ மிகத் தாமதமாகத் திருமணம் செய்தார்கள், அல்லது செய்துகொள்ளாமலேயே இருந்துவிட்டார்கள்.

விடுதலை பெற்ற தென்பகுதியின் மக்கள்தொகை 1961-இல் 28 லட்சமாகத் தாழ்ந்து அடிமட்டத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டில் மட்டும் நிகரமாகச் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறியிருந்தனர். அதன்பின் 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும், 1990-களில் தொழில்கள் பெருகியதும் நீரோட்டத்தைத் திருப்பின. 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 51 லட்சத்தைத் தாண்டியது. வசிப்போரில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். ஆயினும் வட அயர்லாந்தின் 19 லட்சத்தையும் சேர்த்துக் கூட்டினால்கூட, 1841-இல் அத்தீவில் இருந்த அளவை இன்னும் எட்டவில்லை. உலகம் முழுவதும் அந்தக் காலத்தில் பல மடங்கு பெருகியபோது ஒரு தீவு மட்டும் சுருங்கியதென்றால், பஞ்சம் தொடக்கத்தைத்தான் விளக்குகிறது. எஞ்சிய நூற்றாண்டை இளைஞர்களின் தொடர் புறப்பாடே விளக்குகிறது.

மக்கள் ஏன் பெயர்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாடநூல்கள் தரும் விடை, இருக்கும் இடத்திலிருந்து வெளியே தள்ளும் உந்து காரணிகள், வேறிடத்துக்கு ஈர்க்கும் இழு காரணிகள் என்னும் இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணை. அதன் மூலம் எவரெட் லீ 1966-இல் எழுதிய கட்டுரை. ஆனால் லீ வெறும் இரண்டு பத்திகளோடு நிற்கவில்லை. புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடைகள், ஆளுக்கு ஆள் மாறும் தனிப்பட்ட காரணிகள் ஆகியவற்றையும் அவர் சேர்த்தே சொன்னார். அவருக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1885-இலும் 1889-இலும், ராவன்ஸ்டைன் பிரிட்டனின் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துச் சில விதிகளை வகுத்திருந்தார். பெரும்பாலோர் குறைந்த தொலைவே பெயர்கிறார்கள், தொலைதூரம் போவோர் பெரிய வணிக, தொழில் மையங்களைத் தேடுகிறார்கள், ஒவ்வொரு பெயர்வோட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்பவை அவற்றில் சில. இவை இன்றும் பெருமளவு நிற்கின்றன. சிறு தொலைவில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பெயர்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தோராகப் பதிவு செய்த சுமார் 45 கோடிப் பேரில் பெண்களே மிகுதி. அவர்களுக்குத் தலையாய காரணம் திருமணம். வேலை தேடிப் போகும் ஆணை மட்டுமே மனத்தில் வைத்து இடப்பெயர்வைப் பற்றிப் பேசுவோர் இந்த எண்ணைச் சற்று யோசிக்கலாம்.

இரண்டு பத்தி அட்டவணையின் பெருங்குறை வேறிடத்தில் உள்ளது. அது போகிறவர்களை விளக்குவதுபோல் தோன்றும், போகாதவர்களை விளக்காது. 2024-இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 30.4 கோடி, அதாவது உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம். நாடுகளுக்கிடையே வருமான வேறுபாடு பத்து மடங்கு, இருபது மடங்கு என்றிருக்கும் உலகில் நூற்றுக்கு 96 பேர் பிறந்த நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் விளக்கம் வேண்டி நிற்கும் செய்தி. மிக வறிய நாடுகளிலிருந்து வெளியேறுவோர் விகிதமும் மிகக் குறைவு. பயணத்துக்குப் பணம் வேண்டும், தகவல் வேண்டும், படிப்பு வேண்டும், அங்கே தெரிந்த ஒருவர் வேண்டும். வறுமை இவை அனைத்தையும் மறுக்கிறது. ஆகவே ஓர் ஏழை நாடு முன்னேறத் தொடங்கும்போது வெளியேற்றம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. நடுத்தர வருமான நிலையைக் கடந்த பின்னரே தணிகிறது. மக்கள்தொகை நிலைமாற்றமும் இதற்குத் துணை நிற்கிறது. இறப்பு குறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, பிழைத்த குழந்தைகளெல்லாம் ஒரே நேரத்தில் வேலைச் சந்தைக்கு வரும்போது இளைஞர் கூட்டம் பெருகுகிறது. 1820-க்கும் 1930-க்கும் இடையில் ஐரோப்பாவிலிருந்து 5 கோடிக்கும் மேற்பட்டோர் கடல் கடந்ததை அக்கண்டத்தின் நிலைமாற்றக் காலத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. வில்பர் செலின்ஸ்கி 1971-இல் இந்த இணைப்பை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். ஏழை நாடுகளுக்கு நிதியுதவி கொடுத்து வளர்ச்சியைத் தூண்டினால் குடியேற்றம் நின்றுவிடும் என்று செல்வநாடுகளின் அரசியல்வாதிகள் சொல்வது, குறைந்தபட்சம் முதல் தலைமுறைக்காவது, உண்மைக்கு நேர்மாறானது.

தொடங்கிய ஓட்டம் தொடங்கிய காரணம் மறைந்த பிறகும் நீடிப்பதற்கு உறவு வலைப்பின்னலே பொறுப்பு. டக்ளஸ் மாஸி போன்றோர் மெக்சிகோவிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கான பெயர்வை ஆராய்ந்து இதை நிறுவினர். மேற்கு ஜெர்மனி 1955-இல் இத்தாலியுடன் தொடங்கி, 1961-இல் துருக்கியுடனும் வெவ்வேறு ஆண்டுகளில் வேறு பல நாடுகளுடனும் ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. 1973 வரை சுமார் 1.4 கோடிப் பேர் வந்தனர். அவர்களில் சுமார் 1.1 கோடிப் பேர் திரும்பிச் சென்றனர். எண்ணெய் நெருக்கடியின்போது ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. நிறுத்தினால் எண்ணிக்கை குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஒருமுறை போனால் மீண்டும் வர முடியாது என்று தெரிந்ததும், எஞ்சியிருந்தவர்கள் திரும்புவதை நிறுத்திக்கொண்டு மனைவி மக்களை வரவழைத்தனர். வந்துபோகும் தனியாட்களாக இருந்தவர்கள் வசிக்கும் குடும்பங்களாக மாறினார்கள்; அவர்களின் வயதமைப்பும் அதோடு மாறியது. எல்லைக் கட்டுப்பாடு வருகையைத் தடுப்பதைவிடத் திரும்பிப் போவதைத் திறம்படத் தடுக்கிறது என்ற முடிவு அமெரிக்க எல்லை ஆய்வுகளிலும் கிடைத்தது. இந்த எடுத்துக்காட்டில் இன்னொன்றையும் கவனிக்கலாம். நிகர இடப்பெயர்வு என்ற ஒற்றை எண் 1.4 கோடி வருகையையும் 1.1 கோடிப் புறப்பாட்டையும் விழுங்கிவிட்டு, 30 லட்சம் என்று மட்டும் சொல்லும். நிகரம் பூஜ்யமாக உள்ள ஓரிடத்தில்கூட இளைஞர்கள் வெளியேறி, ஓய்வுபெற்றவர்கள் வந்து சேர்ந்திருக்கலாம். தலைகளின் எண்ணிக்கை மாறாமலே ஊர் முழுவதும் மாறியிருக்கும்.

இதுவரை சொன்ன வயதுக் கோலம் கட்டாய இடப்பெயர்வுக்குப் பொருந்தாது. போர் வரும்போது யாரும் இருபது வயதுக்காகக் காத்திருப்பதில்லை. முழுக் குடும்பமும், சில நேரம் முழு ஊரும் எழுந்து போகிறது. 1947 பிரிவினையின்போது எல்லையைக் கடந்த சுமார் ஒன்றரைக் கோடிப் பேரில் எல்லா வயதினரும் இருந்தனர். 2024-இன் இறுதியில் உலகில் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. உலக மக்களில் சிறார் ஏறத்தாழ 30 சதவீதமாக இருக்க, இடம்பெயர்க்கப்பட்டோரில் அவர்கள் 40 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் தம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எல்லை கடந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். குறைந்த தொலைவு பற்றிய ராவன்ஸ்டைனின் விதி, அவர் நினைத்திராத துயரத்திலும் செல்லுபடியாகிறது. தட்பவெப்ப மாற்றத்தால் நிகழும் பெயர்வும் இவ்வாறு பெரும்பாலும் உள்நாட்டிலேயே இருக்கும்; 2050-க்குள் ஆறு வட்டாரங்களில் 21.6 கோடிப் பேர் வரை தம் நாட்டுக்குள் பெயரக்கூடும் என்று உலக வங்கி 2021-இல் மதிப்பிட்டதும் இதையொட்டியே.

நகரமயமாதலில் வயதின் வேலை சற்று மறைந்து கிடக்கிறது. 2007 வாக்கில் உலக மக்களில் பாதிப்பேர் நகரவாசிகள் ஆனார்கள். நகரங்கள் வளர்வதற்குக் கிராமத்திலிருந்து வருவோரே காரணம் என்ற நினைப்பு பரவலாக உண்டு. ஆனால் வளரும் நாடுகளின் நகர வளர்ச்சியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு நகரத்திலேயே நிகழும் இயற்கை அதிகரிப்பிலிருந்து வருகிறது. வந்தவர்கள் இளைஞர்கள் என்பதால் நகரத்தில் இறப்பு விகிதம் குறைவு. குடும்பத்துக்குக் குழந்தைகள் குறைவு என்றாலும் குடும்பம் தொடங்குவோர் அதிகம். நேற்றைய வருகையே இன்றைய பிறப்பாகப் பதிவாகிறது. கிராமத்தின் வரைபடம் இதன் எதிர்ப்படிவம்: நடுவில் ஒடுங்கி, மேலே முதியோரும் கீழே பேரக்குழந்தைகளுமாக இருக்கும். சீனாவில் 1958 முதல் உள்ள குடும்பப் பதிவு முறை, வேலைக்காக நகரம் போனவர்களுக்கு அங்கே பள்ளிக்கும் மருத்துவத்துக்குமான உரிமையை எளிதில் தரவில்லை. 2020 கணக்கெடுப்பில் பதிவு செய்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்வோர் 37.6 கோடி, அவர்களின் குழந்தைகள் பலர் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம் வீட்டைக் கட்டும், கடனை அடைக்கும், படிக்க வைக்கும். இருபது வயது ஆட்களை அது திருப்பித் தராது.

இரண்டாவது கேள்விக்கு இப்போது வரலாம். குடியேற்றம் மக்கள்தொகையின் அளவைக் காக்க முடியும் என்பதற்கு ஜெர்மனியே சான்று. வயதமைப்பைக் காக்க முடியுமா என்றால், விடை பெரும்பாலும் இல்லை. ஐ.நா. மக்கள்தொகைப் பிரிவு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று, உழைக்கும் வயதினருக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருக்க ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை குடியேறிகள் தேவை என்று கணக்கிட்டது. தென் கொரியாவுக்கு 1995 முதல் 2050 வரை வந்த விடை 510 கோடி. அன்றைய உலக மக்கள்தொகையே சுமார் 610 கோடி. கணக்கில் தவறில்லை, குடியேறிகளுக்கும் வயதாகும் என்பதுதான் விஷயம். இன்று வரும் இருபத்தைந்து வயதினர் நாற்பது ஆண்டுகளில் ஓய்வு பெறுவார்கள். அப்போது அவர்களைத் தாங்க இன்னும் பெரிய கூட்டம் வர வேண்டும். அதைத் தாங்க அதைவிடப் பெரிய கூட்டம். குடியேறிகள் அதிகக் குழந்தைகள் பெற்று இதை ஈடுசெய்வார்கள் என்ற எதிர்பார்ப்பும், அவர்கள் பெருகி நாட்டையே நிறைத்துவிடுவார்கள் என்ற அச்சமும் ஒரே தவறான அனுமானத்தில் நிற்கின்றன. வந்து சேர்ந்த நாட்டின் கருவள விகிதத்தை நோக்கி அவர்களுடைய விகிதமும் நகர்ந்துவிடுகிறது. இரண்டாம் தலைமுறையில் வேறுபாடு பெரும்பாலும் மிகச் சிறிதே. ஆகவே குடியேற்றம் மூப்பை மெதுவாக்கும், ஓய்வூதியச் சுமை ஒரேயடியாக வந்து விழாமல் சில பத்தாண்டுகளுக்குப் பரப்பும், மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் தரும். கருவள விகிதம் 2023-இல் 0.72 வரை விழுந்துவிட்ட தென் கொரியா போன்ற நாட்டில் அதற்கு மேல் எதையும் அதனிடம் கேட்க முடியாது.

ஆள் அனுப்பிய நாடுகளும் மூப்படைந்து வருகின்றன என்பது, இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத செய்தி. மெக்சிகோவில் 1960-களில் ஏறத்தாழ 7 ஆக இருந்த கருவள விகிதம் இப்போது 2-க்கும் கீழே; 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் சில ஆண்டுகள் அமெரிக்காவுக்குப் போன மெக்சிகர்களைவிடத் திரும்பியோர் அதிகமாக இருந்தனர். நெடுங்காலம் ஆட்களை வெளியே அனுப்பிய போலந்து, அண்மை ஆண்டுகளில் பெருமளவில் ஆட்களை வரவேற்கும் நாடாகியிருக்கிறது. இளைஞர் மிகுதி இன்று ஆப்பிரிக்காவில்தான். அக்கண்டத்தின் நடுவயது (மக்களில் பாதிப்பேர் அதற்குக் கீழும் பாதிப்பேர் மேலும் இருக்கும் வயது) சுமார் 19, ஐரோப்பாவினுடையது 40-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் பிறந்து நாடு மாறுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் அக்கண்டத்துக்குள்ளேயே வேறொரு நாட்டில் வாழ்கிறார்கள். தேவைப்படும் இடத்துக்கு அவர்கள் வந்தே தீர்வார்கள் என்பதற்கு எந்த விதியும் இல்லை. மக்கள்தொகைக் கணிப்புகளைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்வது நல்லது. இருபது ஆண்டுகளில் எத்தனை இருபது வயதினர் இருப்பார்கள் என்பதை உலக அளவில் ஓரளவு உறுதியாகவே சொல்லலாம், ஏனெனில் அவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள் அல்லது பிறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் எந்த நாட்டில் இருப்பார்கள் என்பதே கணிப்பின் மிகப் பலவீனமான வரி. நாட்டளவிலான கணிப்பை வாங்கிப் பார்க்கும்போது, மொத்த எண்ணைப் பார்ப்பதற்கு முன் நிகர இடப்பெயர்வு குறித்து அவர்கள் என்ன அனுமானம் வைத்திருக்கிறார்கள் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்.